ஒரு தலைகீழ் எழுத்துக்கு இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் ஆங்கிலப் பயிற்சிப் பக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தருகிறீர்கள். அதோடு அகராதியில் இருப்பதுபோல ஒலிக்குறிகளையும் சேர்க்கலாமே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போன வாரம் இன்னொரு வாசகர் அதற்கு மறுப்பு எழுதினார். அந்தக் குறிகளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறதாம். ஆங்கிலத்தில் உயிரெழுத்து ஐந்துதானே, தமிழில் பன்னிரண்டு இருக்கும்போது வேறு குறி எதற்கு என்பது அவர் கேள்வி.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைத் தொடங்கிய இடம் சரியில்லை. ஐந்து என்பது எழுத்தின் கணக்கு. ஒலியை எண்ணினால், பிரிட்டிஷ் அகராதிகள் வழக்கமாகக் காட்டும் உச்சரிப்பில் உயிரொலிகள் மொத்தம் 20. அதில் 12 தனி ஒலிகள், மீதி 8 ஒரு ஒலியில் தொடங்கி இன்னொன்றில் போய் முடிகிறவை. அமெரிக்க உச்சரிப்பில் இந்த எண்ணிக்கை கொஞ்சம் குறையும், ஆனால் அங்கேயும் பன்னிரண்டுக்குள் அடங்காது. எண்ணிக்கையை விடுங்கள், நம் பன்னிரண்டில் இருக்கும் ஒலிகளும் அவர்களுடைய ஒலிகளும் ஒன்றுக்கொன்று பொருந்துவதும் இல்லை. சிக்கல் அங்கேதான்.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று சொல்லிவிடுகிறேன். நான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை செய்கிறவள். வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு, கால் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்தித் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை. இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சியும் தருகிறேன். எங்களுக்கு ஆங்கிலம் முதலில் காதில் வரும், எழுத்து அப்புறம்தான். பள்ளிக்கூடத்தில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். அதனால்தான் ஆங்கில வழியில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்கூட முதல் வாரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறார்கள். தெரியாத சொல் வந்து விழிப்பதில்லை. நன்றாகத் தெரிந்த சொற்கள்தான். அந்தச் சொற்களை அவர்கள் கண்ணால் படித்து, தமிழ் எழுத்தில் மனதுக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். டாக்டர் சொல்வது அதில் சேர மறுக்கிறது.

உங்கள் பக்கத்திலிருந்தே எடுத்துக்காட்டு தருகிறேன். தண்ணீர்க் குழாய்க்கு 'டேப்', ஒட்டும் நாடாவுக்கும் 'டேப்'. பைத்தியத்துக்கு 'மேட்', செய்யப்பட்டதற்கும் 'மேட்'. எலிக்கு 'ரேட்', விகிதத்துக்கும் 'ரேட்'. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டும் வேறு வேறு உயிர். நாடாவும் விகிதமும் எ-யில் தொடங்கி இ-யை நோக்கி வழுக்கிப் போகிற ஒலி. குழாயும் எலியும் அசையாமல் நிற்கிற ஒலி, ஆனால் அது நம் ஏ-யும் அல்ல, ஆ-வும் அல்ல. எ என்று சொல்லத் தொடங்கி, நாக்கின் நுனியை அப்படியே விட்டுவிட்டுத் தாடையை மட்டும் இறக்கிப் பாருங்கள், அந்த ஒலி வந்துவிடும். தமிழில் அதற்கு எழுத்து கிடையாது. அகராதியில் அதற்கு ஆங்கில ஏ எழுத்தையும் ஈ எழுத்தையும் முதுகோடு முதுகு ஒட்டவைத்த ஒரு குறி இருக்கிறது. (என் கைப்பேசியின் தமிழ் விசைப்பலகையில் இந்தக் குறிகள் எதுவும் இல்லை. அதனால் வாயால் வரைந்து காட்ட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பின்பக்க ஒலிகளிலும் இதே கதைதான். கட்டிலுக்கு 'காட்', பிடித்தான் என்பதற்கு 'காட்', வண்டிக்குக் 'கார்ட்'. இந்த மூன்றாவதில் பிரிட்டிஷ்காரர் 'ர்' சொல்லவே மாட்டார். ஆக மூன்று சொல்லுக்கும் முன்னும் பின்னும் ஒரே மெய்கள், நடுவில் மட்டும் மூன்று தனித்தனி உயிர்கள். நாம் மூன்றையும் ஆ-வில் போட்டு மூடிவிடுகிறோம். டாக்டர், ஆபீஸ், காலேஜ், ஹால் எல்லாமே அந்த வழியில் வந்தவை. தமிழுக்குள் அவை அப்படியே இருக்கட்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் பக்கத்திலும் அதுதான் உச்சரிப்பு என்று அச்சிடுவதைத்தான் சொல்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அங்கே ஒன்றாக இருப்பதை நாம் பலவாக உடைக்கிறோம். பறவை, சொல், செவிலியர், கற்றுக்கொள், அவள் ஆகிய ஐந்துக்கும் ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். உயிர் வரும் இடத்தில் ஐ-ஆர், ஓ-ஆர், யூ-ஆர், ஈ-ஏ-ஆர், ஈ-ஆர் என்று ஐந்து விதம். உங்கள் பக்கம் இவற்றை பேர்ட், வேர்ட், நர்ஸ், லேர்ன், ஹெர் என்று தந்திருக்கிறது. ஆனால் ஐந்திலும் உயிர் ஒன்றேதான். அகராதியில் ஐந்துக்கும் ஒரே குறி: மூன்று என்ற இலக்கத்தைப் போன்ற வடிவம், பக்கத்தில் இரண்டு புள்ளி. அந்த ஒரு குறியைக் கற்றுக்கொடுத்த அன்று பயிற்சிக்கு வந்தவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். "இவ்வளவுதானா!" என்கிறார்கள். பயமுறுத்துகிற குறி என்று உங்கள் வாசகர் சொன்னாரே, அது இதுதான்.

குறில் நெடில் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள். படித்தவர்கள்கூட அதிகம் குழம்புகிற இடம் அது.

கப்பல் 'ஷிப்', ஆடு 'ஷீப்'. குறில், நெடில், முடிந்தது கதை என்று நினைக்கிறோம். நீளம்தான் வித்தியாசம் என்றால் நீளத்தை மாற்றினால் சொல் மாற வேண்டும் இல்லையா? மாறாது. கப்பலை எவ்வளவு இழுத்துச் சொன்னாலும் ஆங்கிலேயர் காதில் அது கப்பல்தான், யாரோ இழுத்துப் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். ஆட்டின் உயிருக்கு நாக்கு மேலே ஏறி முன்னால் வருகிறது, நம் ஈ போலவே. கப்பலின் உயிருக்கு நாக்கு சற்றுக் கீழே இறங்கி, கொஞ்சம் உள்ளே தள்ளி, தளர்ந்து நிற்கிறது. இ-க்கும் எ-க்கும் நடுவில் எங்கேயோ. இடம்தான் முதல் வித்தியாசம், நீளம் அதற்கு அப்புறம்.

நீளத்தை நம்பினால் இன்னொரு வம்பும் இருக்கிறது. ஆங்கிலத்தில் உயிரின் நீளம் அடுத்து வரும் மெய்யைப் பொறுத்து மாறும். வன்மையாக ஒலிக்கும் ட், ப், க், ஸ் வந்தால் உயிர் சுருங்கும். அவற்றின் மென்மையான ஜோடிகள் வந்தால் நீளும். அடித்தல் என்ற பொருளில் வரும் 'பீட்' என்ற சொல்லையும், ஏலம் கேட்டல் என்ற பொருளில் வரும் 'பிட்' என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதின் கடைசி மெய் வன்மையான ட் இல்லை, அதன் மென்மையான ஜோடி, அதாவது டாக்டரில் முதலில் வருவது. இந்த இரண்டு சொல்லையும் ஒருவர் இயல்பாகப் பேசும்போது பதிவுசெய்து பாதி வேகத்தில் ஓட்டிக் கேட்டால், 'நெடில்' என்று நாம் எழுதியதும் 'குறில்' என்று எழுதியதும் கிட்டத்தட்ட ஒரே நீளம் இருக்கும். நான் பயிற்சி வகுப்பில் இதைப் போட்டுக் காட்டுவது வழக்கம். யாரும் முதலில் நம்புவதில்லை. திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்வார்கள். மூன்றாவது முறைக்கு மேல் ஒருவர் மெதுவாக, "நீளம் ஒன்றுதான், சத்தம்தான் வேறு" என்பார். பாடம் அதோடு முடிந்தது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த டேனியல் ஜோன்ஸ் 1917இல் ஆங்கில உச்சரிப்புக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். இந்தத் துறையில் அவர் பெரிய கை. ஆனால் அந்த அகராதியில் கப்பலுக்கும் ஆட்டுக்கும் குறியின் வடிவம் ஒன்றுதான், ஆட்டுக்கு மட்டும் பக்கத்தில் இரண்டு புள்ளி. அதைப் பார்க்கிற எவருக்கும் குறில் நெடில் என்றுதானே தோன்றும்? அவருக்குப் பின் அந்த அகராதியைப் பார்த்துக்கொண்ட கிம்சன் 1977இல் வந்த 14ஆம் பதிப்பில் இதை மாற்றினார். ஆட்டுக்குப் புள்ளி வைத்த சின்ன ஐ எழுத்தும் இரண்டு புள்ளியும், கப்பலுக்குப் பெரிய ஐ எழுத்தைக் குள்ளமாக்கியது போன்ற தனிக் குறி. இன்று கைக்குக் கிடைக்கும் பிரிட்டிஷ் அகராதிகளில் இருப்பது பெரும்பாலும் இந்த முறைதான். உங்கள் பக்கத்தைத் தயாரிப்பவரிடம் பழைய பதிப்பு இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இருந்தால் அதை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுப் புதியது ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

சரி, இனி முக்கியமான ஆளுக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி எது என்று வகுப்பில் கேட்பேன். அ என்பார்கள், இ என்பார்கள். எழுத்தே இல்லாத ஒன்று என்று சொன்னால் சிரிப்பார்கள். அதற்கு ஷ்வா என்று பெயர், எபிரேய இலக்கணத்திலிருந்து வந்த பெயர். ஆங்கிலத்தின் சின்ன ஈ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்ததுதான் அதன் குறி. பவேரியப் பேச்சுவழக்கை ஆராய்ந்த ஷ்மெல்லர் என்ற ஜெர்மானியர் 1821இல் முதலில் பயன்படுத்தியது. அந்த ஒலிக்கு நாக்கு எங்கும் போகாது, உதடு குவியாது, விரியாது. வாய் சும்மா இருக்கும்போது குரலை மட்டும் விட்டால் வருவது. அழுத்தம் விழாத அசையில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ எந்த எழுத்து எழுதியிருந்தாலும் அது இந்த ஒலியாகக் கரைந்துவிடும்.

இந்தக் கடிதத்துக்கு மட்டும் அது வரும் இடத்தில் நட்சத்திரம் போடுகிறேன். 'ஃபோட்டோகிராஃப்' என்று நாம் எழுதும் சொல்லை எடுத்துக்கொள்வோம். படம்: ஃபோ-ட்*-க்ராஃப். அழுத்தம் முதல் அசையில். படம் எடுப்பவர்: ஃப்*-டா-க்ர்*-ஃப்*. அழுத்தம் இரண்டாவது அசைக்குப் போய்விட்டது. உடனே முதல் அசையில் இருந்த ஓ காணாமல் போய் நட்சத்திரமாகிவிட்டது, நட்சத்திரமாக இருந்த இரண்டாவது அசைக்கு உயிர் வந்துவிட்டது. படம் தொடர்பான: ஃபோ-ட்*-க்ரே-ஃபிக். அழுத்தம் இப்போது மூன்றாவதில். (அந்த 'ரே'யும் ஏ அல்ல, நான் மேலே சொன்ன முதுகு ஒட்டிய குறி. பாருங்கள், தமிழில் எழுதும்போது எனக்கே அது தப்பித்துப் போகிறது.) எழுத்தில் ஒரே குடும்பம் என்று பளிச்சென்று தெரிகிற மூன்று சொற்கள், காதில் மூன்று வேறு ஆட்கள் மாதிரி வருகின்றன. ஃபோட்டோகிராஃப், ஃபோட்டோகிராஃபர், ஃபோட்டோகிராஃபிக் என்று தமிழில் படித்து வைத்தவர் நடுவிலுள்ளவரை அடையாளம் கண்டுபிடிக்கவே மாட்டார்.

எங்கள் தொழிலில் இது விளையாட்டில்லை. ரத்த அழுத்தம் அதிகமானால் 'ஹைப்பர்டென்ஷன்', குறைந்தால் 'ஹைப்போடென்ஷன்'. அமெரிக்க டாக்டர் என்றால் முதலாவதில் 'ர்' காதில் விழும், பிழைத்தோம். பிரிட்டிஷ் டாக்டர் அந்த 'ர்'ரைச் சொல்ல மாட்டார். அவர் வாயில் முதலாவது ஹைப்*டென்ஷ்*ன். இரண்டாவது ஹைப்போடென்ஷ்*ன் என்று இருக்க வேண்டும். ஆனால் நாள் முழுக்க வார்டு சுற்றிக் களைத்த மனிதர் வேகமாகச் சொல்லும்போது அந்தப் 'போ'வும் சுருங்கி ஹைப்*டென்ஷ்*ன் ஆகிவிடும். கூடுதலும் குறைவும் ஒன்றாகிவிட்டது! பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அப்படி ஒரு பதிவைக் கேட்டுவிட்டுத் தைரியமாக உயர் அழுத்தம் என்று அடித்திருந்தாள். மூன்று வரி தள்ளி அழுத்தம் 84-க்கு 50 என்று அதே டாக்டர் சொல்லியிருந்தார். அதை வைத்துத்தான் பிடித்தோம். ஷ்வாவைப் பற்றித் தெரிந்தவர் அந்த இடத்தில் தயங்கி நிற்பார், முன்னும் பின்னும் பார்ப்பார். தெரியாதவருக்குச் சந்தேகமே வராது. ஹைப்போ என்றால் 'போ' என்று கேட்டிருக்குமே, கேட்கவில்லை, அப்படியானால் ஹைப்பர் என்று முடிவு கட்டிவிடுவார்.

டாக்டர்களே இந்த ஆபத்தை அறிந்து, 'லோ பிபி', 'ஹை பிபி' என்று உடைத்துச் சொல்வதும் உண்டு. புண்ணியவான்கள்.

மருத்துவத்துக்கு வெளியே வந்தாலும் ஷ்வாவை விட்டு ஓட முடியாது. முடியும் என்பதற்கு வரும் 'கேன்' சாதாரண வாக்கியத்தில் க்*ன் என்று சுருங்கிவிடும். முடியாது என்பது மட்டும்தான் முழு உயிரோடு வரும். அமெரிக்கர்கள் அதன் கடைசி ட்-டைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். ஆக அவர்கள் காது எதிர்பார்ப்பது இதுதான்: உயிர் சுருங்கினால் முடியும், முழுதாக இருந்தால் முடியாது. நாம் 'ஐ கேன் கம்' என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, தெளிவாகச் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்கிறோம். எதிர்முனையில் 'வர முடியாது' என்று கேட்டுவிடக்கூடிய சாத்தியம் நிறைய இருக்கிறது. தெளிவாகப் பேசப்போய் எதிர்ப்பொருள் ஆகிவிடுகிற வேடிக்கை இது. ஆஃப், டு, ஃபார், வாஸ், அண்டு என்று வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொற்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு சுருங்கிய வடிவம் உண்டு. உங்கள் பக்கத்தில் ஒருநாள்கூட அது வந்ததில்லை.

சுருங்கிய உயிர் என்றால் தமிழ் வாசகருக்குப் புரியாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குற்றியலுகரம் படித்தவர்கள்தானே நாம்? 'பசு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவிகிறது. 'காசு' என்று சொல்லும்போது குவிவதில்லை, உயிர் பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு மாத்திரை அரை மாத்திரை ஆகிறது. எழுத்து இரண்டிலும் சு-தான். எங்கே குறுகும், எங்கே குறுகாது என்று விதி வகுத்து வைத்த இலக்கணம் நம்முடையது. பழைய வழக்கில் குற்றியலுகரத்துக்கு மேலே புள்ளி வைத்து எழுதச் சொல்லித் தொல்காப்பியத்தில் விதியே இருக்கிறது. ஒலி வேறானால் குறியும் வேறாக இருக்கட்டும் என்ற எண்ணம்தானே அது? பிறப்பியலைப் புரட்டினால் அ, ஆ வாயைத் திறப்பதால் பிறக்கும், இ முதலான ஐந்துக்கு நாக்கின் விளிம்பு மேல்வாய்ப் பல்லைச் சேரும், உ முதலான ஐந்துக்கு உதடு குவியும் என்று இருக்கிறது. நாக்கு எங்கே, உதடு எப்படி என்றுதான் இன்றைய ஒலியியல் படமும் உயிர்களைப் பிரிக்கிறது. தாடை எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கை அது கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

புதுக் குறி சேர்ப்பதும் நமக்குப் புதிதல்ல. ஏட்டுச்சுவடியில் எ-வுக்கும் ஏ-வுக்கும் ஒரே வடிவம்தான். குறில் என்றால் மேலே புள்ளி வைக்க வேண்டும், ஓலை கிழியும் என்று அதை வைக்காமலே விட்டுவிடுவார்கள். ஒ, ஓ-வுக்கும் அதே நிலைமை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொண்டுவந்தார் என்று படித்திருக்கிறோம். அன்றும் யாராவது இருந்ததே போதும் என்று சொல்லியிருப்பார்கள்.

ஆங்கிலக்காரர்கள் ஏன் எழுத்தைத் திருத்திக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தது 1476இல். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது. ஆனால் ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக இடம் மாறிக்கொண்டிருந்தன. பெயர் என்பது முன்பு 'நாம' போலவும், நேரம் என்பது 'டீம' போலவும், நிலா 'மோன்' போலவும், வீடு 'ஹூஸ்' போலவும் ஒலித்தவை. எழுத்து அன்றைய ஒலியில் நின்றுவிட்டது, வாய் வேறு இடத்துக்குப் போய்விட்டது. பெண்ணுக்கு வுமன், பெண்களுக்கு விமின் என்று ஆங்கிலத்தில் சொல்கிறோம். எழுத்தில் மாறுவது இரண்டாவது அசை, காதில் பளிச்சென்று மாறுவது முதல் அசை. இப்படிப்பட்ட மொழிக்கு எழுத்தைப் பார்த்து உச்சரிப்பு சொல்லிவிட முடியுமா? பெர்னார்ட் ஷா தன் உயிலிலேயே புதிய எழுத்துமுறைக்குப் பணம் ஒதுக்கிவிட்டுப் போனார். புது எழுத்தும் உருவாயிற்று. யாரும் சீண்டவில்லை.

ஒலிக்குறிகளோ நிலைத்துவிட்டன. 1886இல் பாரிஸில் பால் பாஸி என்பவரும் இன்னும் சிலரும் சேர்ந்து தொடங்கிய சங்கம் உருவாக்கியவை அவை. அவர்கள் மொழி ஆசிரியர்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆங்கில உச்சரிப்பைப் புரியவைக்கத்தான் அந்த வேலையில் இறங்கினார்கள். பண்டிதர்களுக்கான சமாச்சாரம் என்று உங்கள் வாசகர் நினைப்பது அதனால் சரியில்லை.

பயம் ஏன் வருகிறது என்பது எனக்குத் தெரியும். குறிகளில் பாதி ஆங்கில எழுத்து மாதிரியே இருக்கும், ஆனால் ஒலி வேறு. ஐ எழுத்தைப் பார்த்தால் ஈ என்று படிக்க வேண்டும். ஈ எழுத்தைப் பார்த்தால் எ. ஜே எழுத்தைப் பார்த்தால் ய். முதல் நாள் தலை சுற்றும். உயிர்களில் இதற்குக் காரணம் நெட்டுயிர்களின் அந்த இடமாற்றம்தான். ஜெர்மன்காரரும் இத்தாலியரும் இந்த எழுத்துகளின் பெயரை ஆ, ஏ, ஈ என்றுதான் சொல்கிறார்கள். ஏ, ஈ, ஐ என்று ஆனது ஆங்கிலத்தில் மட்டும் நடந்த கூத்து. குறிகள் பழைய வீட்டு விலாசத்தையே வைத்துக்கொண்டிருக்கின்றன. இதை ஒரு பத்தியில் விளக்கிவிட்டால் பயத்தில் முக்கால்வாசி போய்விடும்.

இன்னொரு குற்றச்சாட்டும் வரும் என்று எதிர்பார்க்கிறேன்: வெள்ளைக்காரன் மாதிரி பேசச் சொல்கிறாயா என்று. இல்லவே இல்லை. நான் பேசும் ஆங்கிலம் தமிழ் வாடை அடிக்கும் ஆங்கிலம்தான். 'கோ' என்பதை நாம் நேராக ஓ போட்டுச் சொல்கிறோம், அவர்கள் வளைத்துச் சொல்கிறார்கள். அதனால் யாருக்கும் எதுவும் புரியாமல் போவதில்லை, அதை மாற்ற மெனக்கெட வேண்டாம். கேட்டுப் புரிந்துகொள்வதற்கும், அகராதியைத் தானே திறந்து பார்த்து இன்னொருவர் உதவியில்லாமல் உச்சரிப்பைத் தெரிந்துகொள்வதற்கும்தான் குறிகள் வேண்டும். தமிழ் எழுத்தில் உச்சரிப்பு பழகியவர் கடைசிவரை யாராவது தமிழில் எழுதித் தருவதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. எல்லாக் குறிகளையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். மெய்களை இப்போதைக்குத் தொடவே வேண்டாம் (க, ட, ப தொல்லை தனிக் கதை, அதற்கு இன்னொரு கடிதம் எழுதுகிறேன்). தமிழ் எழுத்தில் தருவதை அப்படியே தாருங்கள். பக்கத்தில் உயிர்களுக்கு மட்டும் குறியைப் போடுங்கள், அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் அகராதியில் இருப்பதுபோல ஒரு சின்ன நிற்கும் கோடு. அதுவும் அதிகம் என்றால் அந்தத் தலைகீழ் ஈ ஒன்றிலிருந்து தொடங்குங்கள். யூனிகோடில் இந்தக் குறிகள் எல்லாமே இருக்கின்றன, உங்கள் பக்க வடிவமைப்பாளருக்குத் தேட வேண்டிய வேலைகூட இல்லை. அமெரிக்க அகராதிகள் சிலவற்றில் வேறு விதமான குறிமுறை இருக்கும், இரண்டையும் கலந்து போட்டுவிடாமல் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

அப்புறம் ஒன்று. அடுத்த வாரச் சொற்கள் என்று பக்கத்தின் அடியில் 'கம்ஃபர்டபிள்', 'டெம்பரேச்சர்' இரண்டையும் அறிவித்திருக்கிறீர்கள். முதலாவது பேச்சில் பெரும்பாலும் மூன்றே அசை: கம்-ஃப்ட்*-ப்*ல். 'ஃபர்' என்று நடுவில் எதுவும் கேட்காது. இரண்டாவது டெம்-ப்ர்*-ச்*. 'ரேச்' என்று போட்டுவிடாதீர்கள். அச்சுக்குப் போகும் முன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி